கலங்கிய பை

அத்தியாயம் 17

ஒரே வேலையை ஒரு வீட்டில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் செய்தால், வேலை எப்படியோ நடந்துவிடும், வீடுதான் நடக்காது. மண்டோர் சிவானந்தத்தின் வீடு வெள்ளிக்கிழமையிலிருந்து அந்தக் கதியில்தான் இருந்தது.

நடந்ததை மறந்தவர்களுக்கும், இன்றுதான் இந்த வீட்டுப் படியேறுகிறவர்களுக்கும் நாலு வார்த்தை. சிவானந்தத்தின் சிறுநீரகங்கள் கைவிட்டு மூன்று வருடம் ஆகிறது. வயிற்றில் மெல்லிய குழாய் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு நான்கு தடவை, வயிற்றுக்குள் இருக்கும் பழைய தண்ணீரை அதன் வழியாக ஒரு பையில் இறக்கிவிட்டு, மருந்துத் தண்ணீர் இரண்டு லிட்டரைப் புதிதாக ஏற்ற வேண்டும். வீட்டில் அதற்கு ‘தண்ணி மாத்துறது’ என்று பெயர். அப்படி மாற்றிக்கொண்டேதான் மனிதர் இன்னும் மோட்டார் சைக்கிள் ஏறிச் செம்பனைக் குலை வெட்டுகிறவர்களை மேய்க்கப் போகிறார். மண்டோர் வேலை இருப்பதால்தான் தஞ்சோங் காராங் போகிற வழியில் உள்ள அந்தத் தோட்டத்து வீடும் அவருக்கு இருக்கிறது.

மகன் அகிலனுக்கு இது பிடிக்கவே இல்லை. ரவாங்கில் அவன் குடியிருக்கும் அடுக்குமாடிக்கு எதிரிலேயே ரத்தம் சுத்தம் செய்யும் மையம் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் மெஷினில் படுத்தால் தீர்ந்தது, வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டு வாருங்கள் என்று ஒரு வருடமாக நச்சரிக்கிறான். அம்மா கங்கா அசைந்து கொடுக்கவில்லை. மூன்று வருடமாக எல்லாத் தடவையும் தண்ணீர் மாற்றியது அவள் கைதான். அந்தக் கைக்கு ஒரு குறை வந்ததில்லை.

போன மாதம் கங்காவுக்குக் கண் ஆப்பரேஷன். அகிலனின் மனைவி மோகனா லீவு போட்டு வந்து இறங்கினாள். சுங்கை சோ பக்கத்தில் ஒரு கையுறை ஃபேக்டரியில் தரம் பார்க்கிற வேலை அவளுக்கு. எதையும் வரிசைப்படி எழுதி வைக்காவிட்டால் தூக்கம் வராது. வந்த மறுநாளே தண்ணீர் மாற்றுவதைப் பதினான்கு வரியாக எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, அறைச் சுவரில் ஒட்டினாள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு சரிக்குறி. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கையெழுத்து.

“கையுறைக்குத்தான் ஃபேக்டரியில இவ்ளோ மரியாதன்னு நெனச்சேன். இப்ப என் வயித்துக்கும் கெடைக்குது” என்றார் சிவானந்தம்.

கங்காவிடம் காகிதம் கிடையாது. கதவைச் சாத்துவாள், மின்விசிறியை நிறுத்துவாள், வளையலைக் கழற்றி ஆணியில் மாட்டுவாள். கை கழுவும்போது முகமூடிக்குள் நூற்றிருபது ‘முருகா’ எண்ணுவாள். நூற்று இருபது வந்தால்தான் குழாயை மூடுவாள், அதுவும் முழங்கையால். எல்லாம் முடிந்ததும் நேற்றுக் கிழித்த நாள்காட்டித் தாளை வெளியே வந்த பைக்குப் பின்னால் பிடித்து, பொடி எழுத்தில் இருக்கும் நல்ல நேரத்தைப் படித்துப் பார்ப்பாள். படிக்க முடிந்தால் தண்ணீர் தெளிவு. கடைசியாக மேசையில் இருக்கும் டப்பாவிலிருந்து திருநீறு எடுத்துப் புருஷன் நெற்றியில் இடுவாள்.

அந்த டப்பாதான் சண்டை. மருந்துப் பை இருக்கும் மேசையில் சாம்பல் டப்பாவா என்று மோகனா கேட்டாள். அது சாம்பல் இல்லை, திருநீறு என்றாள் கங்கா. வெள்ளிக்கிழமை கண் டாக்டர் கங்காவுக்குச் சரி சொன்னதும், தன் வேலையைத் திருப்பிக் கேட்டாள். மோகனா விடவில்லை. கடைசியில் சிவானந்தம்தான் பாகப்பிரிவினை செய்தார்: காலை ஆறு மணியும் இரவு ஒன்பது மணியும் கங்காவுக்கு, பதினொன்றும் நாலும் மோகனாவுக்கு.

இனி செவ்வாய்க்கிழமை.

காலை ஆறே கால் இருக்கும். அறைக்குள்ளிருந்து கங்கா கூப்பிட்ட குரல் சரியாக இல்லை. மோகனா ஓடினாள்.

கங்கா ஒரு கையில் பையையும் மறு கையில் நாள்காட்டித் தாளையும் பிடித்தபடி ஜன்னல் வெளிச்சத்தில் நின்றிருந்தாள். நல்ல நேரத்தை விடுங்கள், தாளின் நடுவில் கட்டைவிரல் நீளத்துக்கு இருக்கும் தேதியே தெரியவில்லை. பை முழுக்கக் கஞ்சித் தண்ணீர் நிறம்.

“என் கண்ணுதானான்னு பாரும்மா” என்றாள் கங்கா. கோளாறு அவள் கண்ணில் இல்லை.

மோகனாவின் கண் சுவரில் ஒட்டிய பட்டியலுக்குப் போனது. பை கலங்கினால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். பதினான்காவது வரியே அதுதான்: ‘கலங்கியிருந்தால் பையோடு உடனே ஆஸ்பத்திரி’. அந்த வரியை எழுதும்போது, ஒரு நாள் அதைச் செய்ய வேண்டியிருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. பட்டியலில் இருந்தால் வராது என்று எண்ணிவிட்டாள்போல.

சிவானந்தம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். விடிகாலையிலிருந்தே வலியாம். வேலைக்குப் போக வேண்டுமே என்று சொல்லவில்லையாம். இப்போதும் அவர் கேட்டது ஒன்றைத்தான், இன்றைக்கு எட்டாம் நம்பர் காட்டில் குலை வெட்டு, யார் போய்ப் பார்ப்பது என்று.

கங்கா துணிமணி எடுத்து வைக்கும் நேரத்தில் மோகனா வாசலுக்கு வந்தாள். இருப்புக் கொள்ளவில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. போனை எடுத்து அகிலனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினாள்.

“மாமாவுக்குப் பை கலங்கிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கெளம்புறோம். காலையில அத்தைதான் பண்ணாங்க. ராத்திரியும் அவங்கதான். கண்ணு இன்னும் சரியாத் தெரியல அவங்களுக்கு. அந்தத் திருநீறு டப்பாவ அங்க வைக்காதீங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே.”

அனுப்பிய பிறகு கொஞ்சம் மூச்சு வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், கொஞ்சம் திருப்தியும் வந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இந்த வீட்டில் இன்று அது தலைகீழாகட்டும் என்று அவளுக்குள் ஒரு மூலை சொன்னது. அப்படிச் சொன்ன மூலையை அவள் அப்போதே அதட்டியிருக்க வேண்டும்.

கார் பின்னிருக்கையில் சிவானந்தம் சாய்ந்திருந்தார். கங்கா கலங்கிய பையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். வாய்க்கால் ஓரத்துக் குறுகிய ரோட்டில் குலை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் ஊர்ந்தது. முந்த வழியில்லை. மோகனா ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டே வந்தாள்.

“பச்சக் குலையா வெட்டி ஏத்திருக்கான்” என்றார் சிவானந்தம் வலியோடு. “ஒரு பழங்கூட உதுந்திருக்காது. நம்ம காட்டுலயும் இன்னிக்கு இதான் நடக்கும், நான் இல்லன்னா.”

அதற்குள் போன் இரண்டு தடவை அடித்தது. முதலில் அகிலன். காரோட்டும்போது பேச முடியாது என்று மோகனா எடுக்கவில்லை. அடுத்தது உலு யாமில் இருக்கும் பெரிய நாத்தனார் மாலா. அவள் கங்காவின் போனுக்கே அடித்தாள். என்ன பேசினாள் என்பது காதில் விழவில்லை. கங்கா சொன்ன பதில் மட்டும் விழுந்தது.

“ஆமா. நான்தான் பண்ணேன்... டப்பாவா? ஆமா, மேசையிலதான் இருந்துச்சு... சரி. சரிம்மா. வையி.”

போனை மடக்கிக் கைப்பைக்குள் போட்டுவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அகிலனுக்குப் போன செய்தி அரை மணியில் உலு யாம் வரை போயிருக்கிறது. மோகனா கண்ணாடியில் மாமியாரின் முகத்தைப் பார்க்கவில்லை. லோரியையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. அங்கே மிஸ்ஸி கண்மணிதான் பொறுப்பு நர்ஸ். மூன்று வருடத்துக்கு முன் கங்காவுக்குக் கற்றுக் கொடுத்தவளும் அவள்தான். பையைக் கையில் வாங்கியதுமே முகம் மாறிவிட்டது. ஒரு குப்பியில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். மருந்து கலந்த புதுத் தண்ணீர் ஏற்றினாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு வார்டில் படுக்கை போடச் சொன்னார்.

அதற்குப் பிறகு மிஸ்ஸி இருவரையும் தனியே அழைத்து விஷயத்தைச் சொன்னாள். வயிற்றுக்குள் கிருமி போயிருக்கிறது. ஐந்து நாள் மருந்து. ஐந்து நாளில் தண்ணீர் தெளிந்தால் பழையபடி வீட்டுக்குப் போகலாம். தெளியாவிட்டால் குழாயைக் கழற்ற வேண்டியிருக்கும்; பிறகு மெஷின்தான்.

மெஷின் என்றால் ரவாங். ரவாங் என்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் தோட்டத்து வீடு இல்லை. இந்தக் கணக்கு அங்கே நின்ற இரண்டு பெண்களுக்குமே மனப்பாடம். கங்காவின் உதடு மட்டும் அசைந்தது. எண்ணுகிறாளோ வேண்டுகிறாளோ தெரியவில்லை.

“யாரு பண்ணும்போது இது வந்துச்சு மிஸ்ஸி?” என்று மோகனா கேட்டாள். பதில் தெரிந்த கேள்வியாகத்தான் கேட்டாள்.

“இன்னிக்குக் காலையில பண்ணது இன்னிக்கே கலங்காது. கிருமி உள்ள போயி ஒரு நாள், ரெண்டு நாள் ஆகும். சனி, ஞாயிறுல எப்பன்னாலும் இருக்கலாம்.” மிஸ்ஸி கையில் ஒரு படிவம் எடுத்தாள். “ரெண்டு பேரும் தனித்தனியா எனக்குப் பண்ணிக் காட்டுங்க. வீட்டுல எப்படியோ, அப்படியே.”

பயிற்சி அறையில் ஒரு மேசை, ஒரு தண்ணீர்க் குழாய், நாற்காலியில் கட்டிவைத்த துணி வயிறு. அதில் நிஜக் குழாய் தைக்கப்பட்டிருந்தது. முதலில் கங்கா. மோகனா மூலையில் உட்கார்ந்து பார்க்கலாம் என்றாள் மிஸ்ஸி.

மோகனா மனத்துக்குள் தன் பதினான்கு வரியை விரித்து வைத்துக்கொண்டாள். எந்த வரியில் மாமியார் சறுக்குவாள் என்று பார்க்க அவள் காத்திருந்தாள். இப்படிக் காத்திருப்பது நல்ல புத்தி இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. இருந்தும் காத்திருந்தாள்.

கங்கா கதவைச் சாத்தினாள். மின்விசிறியை நிறுத்தினாள். வளையல்களைக் கழற்றினாள், ஆணி இல்லாததால் சற்று விழித்து, ஜன்னல் கம்பியில் மாட்டினாள். கை கழுவி முடித்து மேசைக்கு வரும்போது அவள் மூக்குக்கண்ணாடி நழுவியது. கை தானாக மேலே போயிற்று. கண்ணாடியைத் தொட்டுச் சரிசெய்தாள். பிறகு தன் கையை ஒரு கணம் பார்த்தாள். குழாயடிக்குத் திரும்பி, முதல் முருகாவிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

பட்டியலில் அப்படி ஒரு வரி இல்லை. மோகனாவுக்கு உள்ளே ஏதோ நெருடியது.

குழாயை இணைத்தது, மூடியைக் கழற்றியது, மாட்டியது, எல்லாவற்றிலும் அந்தக் கை அவசரப்படவே இல்லை. கடைசியில் கங்கா கைப்பைக்குள் தேடி, காலையில் கொண்டுவந்த நாள்காட்டித் தாளை எடுத்துப் பைக்குப் பின்னால் பிடித்தாள்.

“இது நான் சொல்லிக் குடுக்கலையே” என்றாள் மிஸ்ஸி.

“சும்மா பாத்தா தெளிவாத்தான் தெரியும் மிஸ்ஸி. எழுத்து வச்சாத்தான் தெரியும்.”

மிஸ்ஸி அதைக் குறித்துக்கொண்டாள். திருநீற்று டப்பாவை இனிமேல் சாமி மேடையிலேயே வைத்துவிடுங்கள் என்றும் சொன்னாள். ஆனால் மூடி பூட்டிய பிறகுதானே நெற்றியில் இடுகிறீர்கள், அதனால் வந்திருக்கும் என்று தனக்குத் தோன்றவில்லை என்றும் சேர்த்துக்கொண்டாள். கங்கா தலையாட்டிவிட்டு, வளையலை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்து மோகனா.

பதினான்கு வரியும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். மேசையைத் துடைத்தாள். முகமூடி கட்டினாள். போனில் இரண்டு நிமிடத்துக்கு மணி வைத்து, குழாய்த் திட்டின்மேல் சாய்த்து நிறுத்தினாள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகம். போன் அடித்தது. காகிதத் துண்டால் கையைத் துடைத்து, மணியை நிறுத்திவிட்டு மேசைக்கு வந்தாள். இணைத்தாள். இறக்கினாள். ஏற்றினாள். மூடினாள். பரீட்சையில் முதலாவதாக எழுதி முடித்த பிள்ளைபோல நிமிர்ந்தாள்.

மிஸ்ஸி கடைசி வரை குறுக்கே பேசவில்லை.

“நல்லா பண்ணீங்க. ஒன்னே ஒன்னு. மணி அடிச்சுச்சே, எப்படி நிறுத்துனீங்க?”

“எப்படின்னா? போன்ல...” என்று ஆரம்பித்தாள் மோகனா. வாக்கியம் பாதியில் நின்றது.

போன் திட்டின்மேல் அப்படியே நின்றிருந்தது. உறையின் ஓரத்தில் ஞாயிற்றுக்கிழமை கோழி வெட்டும்போது பட்ட மஞ்சள் கறை. கழிவறைக்கும் அதுதான் கூட வரும். பசாரில் மீன்காரனிடம் பேசும்போதும் அதுதான் கையில். கழுவிய கையால் அதைத் தொட்டுவிட்டு, நேராகப் போய் மாமனாரின் வயிற்றுக் குழாயைத் திறந்திருக்கிறாள். இன்று மட்டுமா? மூன்று வாரம். எழுபது தடவைக்கு மேல். ஒவ்வொரு தடவையும் சரிக்குறி போட்டுக் கையெழுத்தும் வைத்திருக்கிறாள்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். மோகனாவுக்கு அந்த நிமிஷம் முழுசாகத் தெரிந்தது.

“எங்க ஃபேக்டரி லிஸ்ட்ட பாத்துத்தான் எழுதுனேன்” என்றாள். “அதுல போன் பத்தி இருக்காது மிஸ்ஸி. போன வாசல்லயே லாக்கர்ல போட்டுட்டுத்தான் உள்ள விடுவாங்க. லைன்ல போனே இருக்காது. அதனால யாரும் எழுதல.”

ஃபேக்டரியில் அந்த வேலையை ஒரு பூட்டு செய்துகொண்டிருந்தது. அவள் காகிதத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பூட்டை அங்கேயே விட்டுவிட்டாள்.

மிஸ்ஸி கடிந்துகொள்ளவில்லை. எதனால் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, கிருமி என்னவென்று தெரிய இரண்டு மூன்று நாளாகும், அது தெரிந்தாலும் யார் கை என்று தெரியாது என்றாள். மூன்று வருடம் ஒன்றும் வராததால் ஒருவர் செய்யும் முறை நல்லதாகிவிடாதாம். ஒரு தடவை வந்துவிட்டதால் கெட்டதும் ஆகிவிடாதாம். சுவர்க் கடிகாரம் ஒன்று வாங்கி மாட்டுங்கள் என்றாள்.

ஃபேக்டரியில் மோகனாவின் பிரிவுக்கு மேலாளர் உமாபதி. குறை வந்த கையுறை கையில் வந்தால் அவர் சொல்வது ஒன்றுதான், ‘யாருன்னு கேக்காத, எந்த எடம்னு கேளு’. ஆறு வருடம் கேட்டுச் சலித்த வாக்கியம் அது. காலையில் வாசலில் நின்று போனில் பேசியபோது அது ஏன் ஞாபகம் வரவில்லை? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று போட்டுவிட்டு வந்திருக்கிறாளே. அவளுக்கு அழுகை வந்தது. மிஸ்ஸி முன்னால் அழ வெட்கமாக இருந்ததால் வெளியே வந்து அழுதாள்.

வார்டில் சிவானந்தம் கண் மூடிப் படுத்திருந்தார். மருந்து ஏறியதில் முகம் கொஞ்சம் இளகியிருந்தது. கங்கா பக்கத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மருமகளைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“சனிக்கிழம ராத்திரி எனக்கு மூடி ரெண்டா தெரிஞ்சிச்சும்மா. கண்ண மூடித் தொறந்துட்டுத்தான் மாட்டுனேன். இருந்தாலும் அதுலதான் வந்திருக்கும். இனிமே நாலு தடவையும் நீயே பண்ணு. உன் வழிதான் நல்ல வழி. என் கை வேணாம்.”

மூன்று வருடம் அசையாத மனுஷி. மகன் நச்சரித்தபோதும் மகள் அதட்டியபோதும் விட்டுக்கொடுக்காத வேலையை, இன்று தானாக எடுத்து நீட்டுகிறாள். நேற்று வரை மோகனா ஆசைப்பட்டது இதற்குத்தான்.

வாங்கிக்கொள்ளலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு சுவர்க் கடிகாரம் மாட்டிவிட்டால் விஷயம் முடிந்தது.

அந்த நேரம் பார்த்துக் கையில் இருந்த போன் அதிர்ந்தது. அகிலனின் செய்தி.

‘தோட்டத்து ஆபீஸ்ல கிராணிகிட்ட பேசிட்டேன். அப்பா இந்த மாசத்தோட நின்னுக்குறாரு. வீட்டையும் மாசக் கடைசியில குடுத்துடுறோம்னு சொல்லிட்டேன். அம்மா கையில விட்டது போதும். நீ சொன்னது சரிதான்.’

மோகனா அதை இரண்டு தடவை படித்தாள். ‘நீ சொன்னது சரிதான்’ என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. ஆறே முக்கால் மணிக்கு அவள் பேசிய பேச்சுக்கு, பன்னிரண்டு மணிக்குள் ஒரு வேலையும் ஒரு வீடும் போயிருந்தன.

“அத்தை” என்றாள். நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தினாள். “உங்க கை இல்ல அத்தை. என் போன்.”

போன் திட்டின்மேல் நின்றது, மணி அடித்தது, நிறுத்தியது, எல்லாவற்றையும் சொன்னாள். காலையில் அகிலனுக்கு என்ன அனுப்பினாள் என்பதையும் சொன்னாள். ஆபீஸ் எழுத்தர் கிராணியிடம் அகிலன் பேசிவிட்ட விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் வார்த்தை தடுமாறியது.

கங்கா கோபப்படுவாள் என்று அவள் எதிர்பார்த்தாள். கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. கங்கா அவள் கையிலிருந்த போனை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்ல, உறுதியாகச் சொன்னாள்.

“இத அகிலன்கிட்ட சொல்லாத.”

“ஏன் அத்தை?”

“என் கை சரியில்லன்னு அவன் நெனச்சா, உன் கை இருக்குன்னு சொல்லி அவர இங்க வச்சுக்கலாம். ரெண்டு கையும் சரியில்லன்னு தெரிஞ்சா? மெஷின்தான்னு முடிச்சிடுவான். பழி என் மேலயே இருக்கட்டும். நான் தாங்கிக்குவேன். அவரு அந்தக் காட்ட விட்டுட்டு நாலாவது மாடியில உக்காந்து என்ன பண்ணுவாரு?”

இந்த மாமியாரையா விடிகாலையில் ஒரு சாம்பல் டப்பாவுக்காகக் காட்டிக்கொடுத்தோம் என்று மோகனாவுக்கு மனம் அறுத்தது. உண்மையைச் சொன்னால் மாமியார் மானம் மீளும், மாமனார் வீடு போகும். சொல்லாவிட்டால் வீட்டைக் காப்பாற்றப் பார்க்கலாம், மாமியார் தலை குனிந்தே கிடப்பாள். எந்தப் பட்டியலின் எத்தனையாவது வரி இது?

போன் மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை அழைப்பு. அகிலன்.

கங்கா வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். மோகனா எடுத்தாள். காலையில் தப்பாகச் சொன்ன அதே போனில் சரியாகச் சொல்லியாக வேண்டும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது.

“காலையில நான் அனுப்புனது தப்பு. அத்த மேல தப்பில்ல. என் லிஸ்ட்டுலதான் ஓட்ட. கிராணிக்குத் திருப்பிக் கூப்பிடுங்க, ப்ளீஸ் லா. உடனே.”

மறுமுனையில் அவன் பேசியது கட்டில் வரை கேட்டது.

“அப்ப ரெண்டு பேரு கையும் வேணாம். எனக்கு அதான் புரியுது. நான் லீவு சொல்லிட்டு வர்றேன். மெஷினுக்கு இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடலாம்.”

கங்கா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் பயந்தது பயந்தபடியே வந்து நின்றது.

“கையெழுத்து யாரு போடணுமாம்?”

இரண்டு பெண்களும் திரும்பினார்கள். தூங்குவதாக நினைத்த மனிதர் கண் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

“மூனு வருஷமா இவ கை. மூனு வாரமா உன் கை. இப்ப அவன் கை. எல்லாரு கையும் வந்துருச்சு. வயிறு யாரோடது?”

அவர் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். வலியில் ஒரு நிமிஷம் மூச்சுப் பிடித்தது. கையை உயர்த்தி யாரும் உதவ வேண்டாம் என்று தடுத்தார். மாத்திரைத் தள்ளுவண்டியோடு வந்துகொண்டிருந்த மிஸ்ஸி கண்மணி நின்றுவிட்டாள்.

“மிஸ்ஸி, தனக்குத்தானே மாத்திக்கிறவங்க இருக்காங்களா?”

பாதிப் பேர் அப்படித்தான் என்றாள் மிஸ்ஸி. அவருக்கு ஏன் அப்போது கற்றுக்கொடுக்கவில்லை என்றால், கைதான் காரணம். பதினைந்து வருடத்துக்கு முன் செம்பனை மட்டை விழுந்து நசுங்கிய வலது கையில் இரண்டு விரல் மடங்காது. மூடியைத் திருக வராது என்று கங்கா வேலையைத் தானே வாங்கிக்கொண்டாள்.

“வராதா, வருமான்னு யாரும் பாக்கலயே” என்றார் சிவானந்தம். “அஞ்சு நாள் இங்க சும்மாதானே படுத்திருக்கப் போறேன். கத்துக் குடுங்க.”

இன்றைக்கு மருந்துத் தண்ணீரைத் தொட விடமாட்டேன் என்றாள் மிஸ்ஸி. பயிற்சி அறைத் துணி வயிற்றில் வேண்டுமானால் பழகலாம், அதுவும் கை கழுவுவதிலிருந்து. சரி என்றார் அவர். கைக்கடிகாரத்தைக் கழற்றித் தலையணை அடியில் வைத்தார். மணிக்கட்டில் கட்டியிருந்த சிவப்புக் கயிற்றைப் பார்த்துத் தயங்கி, பல்லால் கடித்து அவிழ்த்து, கங்காவின் மடியில் போட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு வார்டு மூலையிலிருந்த குழாயடிக்கு நடந்தார்.

“எத்தன முருகா?”

“நூத்திருவது” என்றாள் கங்கா.

மடங்காத இரண்டு விரல்களுக்கு நடுவில் சோப்பு நுரை நிற்காமல் வழுக்கி வழுக்கி விழுந்தது. அவர் எண்ணிக்கொண்டிருந்தார். முப்பதில் தப்பிவிட்டு ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். மோகனா போனைக் கைப்பைக்குள் போட்டு, கைப்பையின் வாயை இழுத்து மூடினாள். உள்ளே அது அடிக்க ஆரம்பித்தது. அகிலன் கார் ஏறிவிட்டான்போலும். அவள் எடுக்கவில்லை, மாமனார் எழுபதாவது முருகாவைத் தாண்டிவிட்டிருந்தார்.